நிறுத்தும் நொடி

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்கு விடிகாலைத் தூக்கம் போய்விடும். டாஸ்மேனியாவின் டெர்வென்ட் ஆற்றில் கடலிலிருந்து வைட்பெய்ட் என்னும் சிறு மீன்கள் ஏறி வரும் காலம் அது. விரல் நீளம்கூட இருக்காது, உடம்பு கண்ணாடி மாதிரி. நடு ஆற்றின் இழுப்பைத் தாங்க முடியாமல், ஓதத்தோடு கரையை ஒட்டியே கூட்டம் கூட்டமாகப் போகும். பெரிய பழுப்பு டிரவுட்டும் அவற்றின் பின்னாலேயே கரைக்கு வந்துவிடும்.

இந்த டிரவுட் இந்த ஊர் மீன் அல்ல. 1864இல் இங்கிலாந்திலிருந்து பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்த முட்டைகள், டெர்வென்டில் கலக்கும் பிளெண்டி ஆற்றங்கரையில் பொரிந்தன. உண்மையில் முட்டைகளைக் கொண்டுவந்தவர்கள் ஆசைப்பட்டது சால்மனுக்கு. கடலுக்குப் போன சால்மன் திரும்பவில்லை. கூட வந்த டிரவுட் தங்கிவிட்டது.

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் நடு ஆற்றைப் பார்த்தே வீசுகிறார்கள். மீனோ அவர்கள் காலடியில் கிடக்கும். நான் கரைக்கு இணையாக, சாய்ந்த வில்லோ மரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி வீசுவேன். தண்ணீரில் வெயில் விழும்வரைதான் நேரம்.

பொய் இரைக்கு எனக்கு மிதக்கும் ரப்பாலாதான். பின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டிச் செய்தது. கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் குஞ்சையே பெரிய மீன் கவ்வும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். அந்தத் தள்ளாட்டம் இருந்தால் போதும், நிறத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

ரீலை மூன்று சுற்று, ராடு நுனியால் ஒரு சுண்டு, பிறகு நிறுத்த வேண்டும். இரை மெல்ல மேலே எழும், நரம்பு தளரும். பின்னால் தண்ணீர் வீங்கி வருவது தெரிந்தால் கை தானாகவே ரீலைச் சுற்றப் பார்க்கும். விடக் கூடாது. மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். எனக்குக் கிடைத்த பெரிய மீன்களில் பாதிக்குமேல் அந்த மூன்றுக்குள் கவ்வியவை.

போன வருஷம் அப்படிக் கவ்விய ஒன்று நேரே மரத்தடிக்கு ஓடியது. ராடு வளைந்தது, சட்டென்று நிமிர்ந்தது. நரம்பைச் சுருட்டிப் பார்த்தேன்; நுனி சுருள் சுருளாக இருந்தது. அறுந்திருந்தால் இப்படிச் சுருண்டிருக்காது. முடிச்சு வழுக்கியிருக்கிறது. இருட்டில் அவசரமாக, எச்சில்கூடத் தொடாமல் இறுக்கிய முடிச்சு. அந்த மீனின் வாயில் முள்ளை விட்டுவிட்டோமே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்தான் போடுகிறேன்.

இந்த அக்டோபரில் வெள்ளியாய் மின்னும் ஒன்று வலைக்குள் வந்தது. கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுக்கும்போது, அதன் வாயிலிருந்து நாலைந்து வைட்பெய்ட் வழிந்தன. ஒன்று இன்னும் துடித்தது. மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தேன். வால் இறுகி, ஒரே உதறலில் போய்விட்டது. வலையில் கிடந்த குஞ்சை என் இரையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரைதான் நீளம். 7 செ.மீ. இரையைக் கழற்றி 5 செ.மீ. கட்டினேன், இந்த முறை எச்சில் தொட்டு.