அற்பாயுசு

உளுவை மீன் நமக்குப் பழக்கமானதுதான். ஆற்றிலும் குளத்திலும் முகத்துவாரத்திலும் அடித்தரையோடு ஒட்டிக் கிடக்கும். சந்தையில் அதற்கென்று பெரிய மரியாதை இல்லை. அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிகளில் ஒன்று வெப்பக்கடல்களின் பவளத்திட்டுகளில் வாழ்கிறது. ஈவியோட்டா சிகில்லாட்டா என்பது அறிவியல் பெயர். எனக்கு அது குட்டி உளுவை. முழுதாக வளர்ந்தாலும் இரண்டு சென்டிமீட்டர் வராது. உடம்பு கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, அதில் செம்பழுப்புத் தீற்றல்கள். பவளத்தின் மேலோ அடித்தரையிலோ அசையாமல் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணில் படாது.

2005-ல் இந்த மீன் செய்தியில் வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷியல் டெப்சின்ஸ்கியும் டேவிட் பெல்வுட்டும், கிரேட் பேரியர் பவளத்திட்டில் பிடித்த குட்டி உளுவைகளின் வயதைக் கணக்கிட்டு எழுதினார்கள். அவற்றில் மிக மூத்த மீனின் வயது 59 நாள். முதுகெலும்புள்ள உயிர்களில் அதுவரை பதிவானவற்றுள் இதுதான் மிகக் குறைந்த உச்ச ஆயுள். ஈசலைப் பற்றி இப்படிச் சொன்னால் நாம் ஆச்சரியப்பட மாட்டோம், அது பூச்சி. இதுவோ நம்மைப் போல மூளையும் முதுகுத்தண்டும் இரண்டு கண்ணும் உள்ள உயிர். அதே பூமியில் கிரீன்லாந்து சுறா 270 வருடத்துக்குக் குறையாமல் வாழ்கிறது.

59 நாளை அது எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான் விஷயம். முட்டையிலிருந்து வெளிவந்ததும் திறந்த கடலுக்குப் போய்விடும். அங்கே மிதவைக் குஞ்சாக மூன்று வாரம். ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. பிறகு திட்டுக்குத் திரும்பி அடித்தரையில் இறங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பருவம் அடையும். அதற்கப்புறம் மிஞ்சுவது அதிகம் போனால் மூன்றரை வாரம். அதற்குள் பெண் மீன் மூன்று தடவை முட்டையிடுகிறது, மொத்தம் நானூறு முட்டை போல. ஆண் மீன் அவற்றுக்குக் காவல் நிற்கிறது. சுற்றிலும் இதைத் தின்னக் காத்திருக்கும் வாய்கள். நூறு மீன் இருந்தால் தினம் ஏழெட்டு காணாமல் போகும் கணக்கு அது. நிதானமாக வளர்ந்து பெரிதாகிப் பிறகு குடும்பம் நடத்தலாம் என்றிருந்தால் வம்சமே இருக்காது.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? மீனின் தலைக்குள் இருக்கும் கல்லிலிருந்து. கத்தாளை மீன் ஆய்ந்தவர்களுக்கு அந்தக் கல்லைத் தெரிந்திருக்கும். தலையைப் பிளந்தால் வெள்ளையாக இரண்டு கல் வரும். சின்ன வயதில் நாங்கள் அதைக் கழுவித் தீப்பெட்டியில் போட்டு வைப்போம். செவிக்கல் என்பார்கள். மீன் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளவும் ஒலியை உணரவும் அது உதவுகிறது. உயிரோடு இருக்கும்வரை அதன் மேல் சுண்ணாம்புப் படலம் படிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வளையம் விழுகிறது என்று 1971-ல் ஜார்ஜியோ பன்னெல்லா எழுதினார். குட்டி உளுவையின் கல் கடுகில் பாதிகூட இருக்காது. அதைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் நாள்களை எண்ணலாம். கடலை விட்டுத் திட்டில் இறங்கிய நாள்கூட ஒரு தடமாகத் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. 1984-ல் மஞ்சள் காமாலையில் போனார், வயது 26. நான் அப்போது பிறக்கவில்லை. ஆச்சி அவரைப் பற்றிப் பேசினால் ஒரே வாக்கியம்தான்: "அற்பாயுசுல போயிட்டான்." நம் மொழியில் இது சாதாரணமாகப் புழங்கும் சொல். ஆனால் உள்ளே அற்பம் என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. குறைவு என்பதுதான் அங்கே அதன் பொருள். தெரியும். என்றாலும் வழக்கில் அற்பம் என்றால் மதிப்பில்லாதது. வருடங்கள் போகப் போக அந்த இரண்டாவது அர்த்தம் மெல்ல மேலே படிந்துவிட்டது. அவருடைய கடைசி இருபது நாள் எனக்கு மனப்பாடம்: எந்த வைத்தியரிடம் போனார்கள், கீழாநெல்லியை யார் அரைத்தார்கள், எந்த ராத்திரி கண் மேலே போனது. அதற்கு முந்தைய 26 வருடம் பற்றி ஒன்றும் தெரியாது. சீக்கிரம் போனவர்களை நாம் முடிவிலிருந்துதான் சொல்கிறோம்.

போன வருடம் அத்தையிடம் கேட்டேன். "அத்தை, சித்தப்பா சாதாரணமா ஒரு நாள் என்ன பண்ணுவாரு?" அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை யாரும் கேட்டதே இல்லடே" என்றாள். அப்புறம் சொன்னாள். காலையில் எழுந்ததும் ரேடியோவைத் திருப்புவாராம். அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை, அதனால் வீட்டில் எந்தத் தாளைப் பார்த்தாலும் பிழை சொல்லுவாராம். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கும் முன்னால் ஒற்று மிகுமா என்று பார்ப்பாராம். சாயங்காலம் கையில் மை போகாமல் வந்து, ஆச்சியிடம் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிடுவாராம். இதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் அவர் இருந்த ஆள் ஆனார்.

மீனைக் காட்டி மனிதச் சாவுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. குட்டி உளுவைக்கு 59 நாள் என்பது முழு ஆயுள். சித்தப்பாவின் 26 அப்படியில்லை. பாதியில் அறுந்ததை நிறைவு என்று சொல்வது பொய். பயனைச் சொல்லி மதிப்புக் கூட்டவும் விருப்பமில்லை. அப்படிச் சொல்ல இடம் இருக்கிறது: 2019-ல் சைமன் பிராண்டலும் அவரது குழுவினரும் சயன்ஸ் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். திட்டில் இரையாகும் மீன் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம், அடித்தரையில் ஒளிந்து வாழும் இந்த மாதிரிப் பொடி மீன்களிடமிருந்து வருகிறதாம். திட்டுக்கே சோறு போடுபவை இவைதான். ஆனால் தின்னப்படுவதால் மட்டும் ஒரு உயிருக்கு மதிப்பு வருமென்றால், அதுவும் சந்தைக் கணக்குதான்.

எனக்கு வேண்டியது அந்தக் கல். அது மொத்தமாக நீளம், குட்டை என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒன்று கடந்தால் ஒரு வளையம். இப்போதும் ஏதோ ஒரு பவளத்தின் இடுக்கில் ஐம்பது நாள் வயதான ஒரு கிழட்டு ஆண் மீன் முட்டைகளுக்குக் காவல் நிற்கும். குஞ்சுகள் கடலுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அது இருக்காது. இன்றைய வளையம் அதன் தலைக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.