இரண்டு மாலை, ஒரு வேண்டுதல்

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, பழைய பிட் ஸ்திரீட். 1801-இல் தோன்றிய பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் இங்கே. 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் பக்கத்துக் குயின் தெருவில். சனிக்கிழமைகளில் இச்சாலையோரம் அத்தையின் பூக்கடையில் நானும் மாலை கட்டுவேன்.

ஒருநாள் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் மல்லிகை மாலையை ஆசையாக முகர்ந்து பார்த்தார். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. அத்தை சிரித்தபடி அதை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். அவர் காசு கொடுத்துவிட்டு, கழற்றாமலே நடந்தார்.

சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் கூட்டம் அதிகம். எப்போதும் ஒரு மாலை வாங்கும் சீனப் பாட்டி அன்று இரண்டு கேட்டார். ஒன்று குவான் யின்னுக்கு, மற்றது மாரியம்மனுக்கு. பேரனுக்கு அறுவைச் சிகிச்சையாம். இரண்டாவதற்குக் காசு வேண்டாம் என்றார் அத்தை.

“காசு வாங்காவிட்டால் அது உன் வேண்டுதலாகிவிடுமே!” என்று மலாயில் மறுத்தார் பாட்டி.

கடைசியில் பாதி விலைக்கு இருவரும் சம்மதித்தார்கள். வேண்டுதலும் இருவருக்கும் பொதுவாயிற்று.

அடுத்த பௌர்ணமிக்குப் பாட்டி பேரனையே அழைத்து வந்தார். மாலையை அவனே தூக்கிக்கொண்டான்.