பிராக்கெட்டுக்குள் ஒரு கோச்

நம்ம ஊர் ஆபீஸ்களில் ‘மேலாளர் (பொறுப்பு)’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். மேலாளரின் வேலை பூராவும் உண்டு. சம்பளம் மட்டும் பழையது! அமெரிக்காவில் இந்த பிராக்கெட்டுக்கு ‘இன்ட்டரிம்’ என்று பெயர். காலேஜ் ஃபுட்பால் கோச்சுகளுக்கு அடிக்கடி வரும் வியாதி.

ஃபுட்பால் என்றதும் மரடோனாவை நினைக்காதீர்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பப்பாளிக்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடுகிற சமாசாரம். 2011-ல் நான் ஓஹையோ மாநிலம் கொலம்பஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். சனிக்கிழமை டீம் தோற்றால் திங்கட்கிழமை யாரிடமும் லீவு கேட்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ரூல் அவ்வளவுதான்!

அந்த வருஷம் மே மாசம் கோச் ஜிம் ட்ரெஸ்ஸல் ராஜினாமா. 2002 சீஸனில் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். பையன்கள் சிலர் பரிசுச் சாமான்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டார்கள். விதிப்படி தப்பு. தெரிந்தும் கோச் மூடி மறைத்துவிட்டார். காலி நாற்காலியில் உதவி கோச் லூக் ஃபிக்கலை உட்கார வைத்தார்கள். வயசு 37. முக்கியமான பையன்கள் சிலருக்கு 5 ஆட்டம் தடை வேறு. முடிவு? 6 வெற்றி, 7 தோல்வி. ஜன்ம விரோதி மிஷிகனிடமும் தோல்வி; 2003-க்குப் பிறகு முதல் தடவை!

அடுத்து வந்த அர்பன் மேயர் 2012-ல் ஆடிய 12-லும் ஜெயித்தார். 7 சீஸனில் 83 வெற்றி, 9 தோல்வி. 2018-ல் அவருக்கே 3 ஆட்டம் சஸ்பென்ஷன். அப்போது பொறுப்பு பார்த்த ரயன் டே, மூன்றிலும் வெற்றி. 2019-லிருந்து நாற்காலியே அவருக்கு. 2024 சீஸன் பட்டமும் வாங்கிவிட்டார்.

ஒருத்தர் கையில் ஓடுகிற பஸ். இன்னொருத்தர் கையில் டயர் வெடித்த பஸ். ரெண்டு டிரைவருக்கும் ஒரே மீட்டரா சார்?

சரி, ஜெயித்தால் மட்டும் வேலை நிரந்தரமா? 2008-ல் கிளெம்ஸனில் டாபோ ஸ்வின்னி 6-ல் 4 ஜெயித்தார், நாற்காலி கொடுத்தார்கள். 2013-ல் தெற்கு கலிஃபோர்னியாவில் எட் ஓர்ஜரான் 8-ல் 6 ஜெயித்தார். ‘போய்ட்டு வாங்க’ என்றார்கள். (அவர் லூசியானா ஸ்டேட் போய், 2019 சீஸனில் 15-க்கு 15 ஜெயித்தது தனிக்கதை!)

சென்னை திரும்பியபின் ஒரு கம்பெனியில் நானும் ஏழு மாசம் ‘பொறுப்பு’. பழைய மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். செக்‌ஷனில் பதினோரு பேர், ஆளுக்கொரு பயோடேட்டா தயாராக! ஒருத்தரும் போகவில்லை. அப்புறம் புது மேனேஜர் வந்தார். ஆண்டு விழாவில் அவருக்கு ஷீல்டு. நானும்தான் கைதட்டினேன்.

“நீங்க ஒண்ணும் கேக்கலியா?” என்றாள் மனைவி.

“என்னத்தைக் காட்டிக் கேக்கறது? யாரும் வேலையை விட்டுப் போகலைங்கறதுக்கு எந்த ஃபைல்ல கையெழுத்து வாங்கறது?”

ஃபிக்கல் கணக்கும் அதுதான். 2011-ல் அவர் துணிந்து இறக்கிய முதல் வருஷப் பையன் ப்ராக்ஸ்டன் மில்லர்தான், மேயரின் அந்த 12 வெற்றிக்கும் குவார்ட்டர்பேக். ஃபிக்கல் கோபித்துக்கொண்டு போகவில்லை. மேயருக்குக் கீழே இன்னும் 5 சீஸன் உதவியாளராகவே இருந்தார். பிறகு சின்சினாட்டி போனார். முதல் சீஸனில் 4 வெற்றி, 8 தோல்வி. 2021-ல் வரிசையாக 13 வெற்றி! பெரிய லீக்குகளுக்கு வெளியிலிருந்து நாலு டீம் ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்த முதல் டீம் அதுதான். அங்கே அலபாமாவிடம் தோற்றது, அதனாலென்ன?

ரெக்கார்டில் 2011-க்கு நேரே இன்றும் 6-7 என்றுதான் இருக்கும். கலையாமல் நின்ற டீமுக்கு அதில் காலம் கிடையாது.

உங்கள் ஆபீஸில் ‘பொறுப்பு’ யாராவது இருந்தால், இன்றைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் சார். பெட்டி கேஷில் கையெழுத்துப் போடும் அதிகாரம்கூட அவருக்கு இருக்காது!