கடல் கடந்து நிற்கும் மாரியம்மன்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டியை அடுத்து வருவது எளாவூர். அதற்கும் அப்பால் ஆரம்பாக்கம், பின்னர் ஆந்திரம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சோதனைச்சாவடியால் இவ்வூர்ப் பெயரைப் பலரும் அறிவர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், எல்லை என்பது பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆயினும் கடல் கடந்த எல்லை வேறு.

போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழக அரசே வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ளது. 2022 நவம்பரில் ஒரு குழு ஷார்ஜா பன்னாட்டுப் புத்தகக் காட்சியைக் கண்டு வந்தது. தனியார் பள்ளிகள் பலவும் சிங்கப்பூருக்குச் சுற்றுலா நடத்துகின்றன. பிள்ளையை வழியனுப்பும் தாயின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: அறியாத மண்ணில் நம் குழந்தைக்குத் துணை யார்? சிங்கப்பூரைப் பொறுத்தவரை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்கேள்விக்கு விடை கண்டவர் ஒருவர் உண்டு.

முதல் நாள்: நாணயத்தில் தமிழ்

சென்னையிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறத்தல். அங்கே இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே நகர்த்த வேண்டும். உறக்கம் கலைந்த கண்களுடன் சாங்கி விமான நிலையத்தில் நடக்கும் மாணவர்களுக்கு முதல் வியப்பு, அறிவிப்புப் பலகைகளில் தெரியும் தமிழ் எழுத்து. அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. கையில் கிடைக்கும் சில்லறை நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் பொறித்திருக்கும்.

எளாவூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. மலாய் மக்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு ‘பெலிகாட்’ என்று பெயர். அது நம் பழவேற்காட்டின் திரிபு. எளாவூருக்குக் கிழக்கே அருகில் விரிந்து கிடக்கும் ஏரிக்குப் பெயர் தந்த அதே ஊர்தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டி, நெசவாளர் கைத்திறனைக் கப்பலேற்றி அனுப்பினர். மிளகும் கிராம்பும் வாங்க அத்துணியே விலையாயிற்று. துணி போன வழியில்தான் இன்று பிள்ளைகள் போகிறார்கள்.

இரண்டாம் நாள்: அம்மன் இடம் தேடிய வரலாறு

சைனாடவுன் பகுதியில், சவுத் பிரிட்ஜ் சாலையில் ஓங்கி நிற்கிறது ஸ்ரீ மாரியம்மன் திருக்கோயிலின் இராசகோபுரம். சுற்றிலும் சீனக் கடைகள். சற்றுத் தொலைவில் தமிழ் முஸ்லிம்கள் 1826இல் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். கோபுரத்தைக் கண்டே பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்ற பெயர் வந்தது.

இக்கோயிலை நிறுவியவர் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசுப் பணியில் இருந்த அவர், 1819ஆம் ஆண்டு ராபிள்ஸுடன் கப்பலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். செங்கற்சூளை வைத்தார், துணி வணிகமும் செய்தார். 1822இல் கடை தீக்கிரையாகிக் கடனாளியானார். ஆயினும் அம்மனுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் தரப்பட்டது. அங்கே வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் இல்லை. அடுத்துக் கிடைத்த இடம் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவதாக, 1823இல் இப்போதைய இடம் வாய்த்தது. 1827இல் மரத்தாலும் கீற்றாலும் சிறு கோயில் எழுந்தது. அவர் எழுந்தருளச் செய்த சின்ன அம்மன் திருவுருவம் இன்றும் கருவறையில் உள்ளது.

எளாவூர்ப் பகுதியினர்க்கு இவ்வரலாறு நெஞ்சில் பதியும். சொந்த மனை வேண்டிச் சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை வலம் வரும் குடும்பங்கள் இங்கே பல. கடல் கடந்த மண்ணில் மாரியம்மனுக்கே மனை அமைய நான்கு ஆண்டுகள் ஆயின என்பதைக் கேட்கும் பிள்ளை, காத்திருத்தலும் வழிபாடே என்று உணரும்.

கோயில் எழுந்தபின் அது வழிபாட்டிடம் மட்டுமாக நிற்கவில்லை. கப்பலில் வந்திறங்கி, வேலையும் உறவும் இல்லாது நின்ற தமிழர்க்கு அதுவே தங்குமிடமாயிற்று. திருமணங்கள் அங்கே பதிவாயின. ‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்ற முதுமொழியை நாம் படித்தோம். அவர்களோ முதலில் குடியேறி, அவ்வூரைக் கோயிலுள்ள ஊராக்கினர். ஐப்பசியில் தீபாவளியை ஒட்டி நடைபெறும் தீமிதித் திருவிழாவுக்கு இன்றும் பெருந்திரள் கூடுகிறது.

மூன்றாம் நாள்: சிராங்கூன் சாலை

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு ஊர் நினைவு மிகும் என்பர். அன்று ‘லிட்டில் இந்தியா’வுக்கு அழைத்துச் செல்வது நலம். மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் மனத்தை ஆற்றும். வீரமாகாளியம்மன் கோயிலில் அடியார்கள் ஒரு செய்தி சொல்வர்: இரண்டாம் உலகப் போரில் குண்டுமழை பொழிந்தபோது மக்கள் இங்கே அடைக்கலம் புகுந்தனர் என்று. அதே சாலையில் உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூசக் காவடிகள் புறப்பட்டு, நகரத்தார் 1859இல் அமைத்த டேங்க் சாலை தண்டாயுதபாணி சந்நிதியை அடைகின்றன. பெருமாள் வாசலில் புறப்பட்டு முருகன் வாசலில் முடியும் இப்பயணத்தில் சைவ, வைணவ வேற்றுமை கரைந்துவிடுகிறது.

பெற்றோர்க்குச் சில சொற்கள். நண்பகலில் இக்கோயில்களின் நடை சாத்தப்படும். எனவே காலையோ மாலையோ செல்லுமாறு ஆசிரியரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளலாம். முழங்கால் மறைக்கும் உடை ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். திருநீறும் குங்குமமும் சிறு பொட்டலமாய்க் கொடுத்தனுப்புங்கள். அவற்றுடன் நாராயண பிள்ளையின் கதையையும் சொல்லி அனுப்புங்கள். கடை எரிந்து கடன்பட்ட நாளிலும், தனக்குப்பின் வருவோர் தனித்து நிற்கலாகாது என்று எண்ணியவர் அவர். அவ்வெண்ணம் கோபுரமாய் நிற்கும் ஊரில், நம் பிள்ளைகள் அயலார் அல்லர்.