பொய்கைக்கரைச் சிந்தனை

"டேய், பொய்கைல காலக் கழுவிட்டு வாடா!" என்று பாட்டி ஒருவர் பேரனை அதட்டினார்.

வேறிடங்களில் பெரும்பாலும் ஏட்டிலேயே காணக்கிடைக்கும் ஒரு சொல், திருப்பரங்குன்றத்துச் சரவணப் பொய்கைக் கரையில் கால் கழுவுகிற காரியத்துக்குக்கூடச் சகஜமாகப் பிரயோகமாவதைக் கேட்டதும், மீனுக்குப் பொரி போட வந்த எனக்கு ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்துவிட்டது.

மனிதர் வெட்டாமல் தானாய் அமைந்த நீர்நிலையே பொய்கை என்று பொருள் சொல்வார்கள்.

மதுரைச் சீமையில் பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி, தெப்பம் மிதக்கத் தெப்பக்குளம் என்று நீரின் உத்தியோகம் பார்த்தே பெயரிட்டார்கள். பொய்கைக்கோ ஓடாமல், பாயாமல் சும்மா நிற்பதே உத்தியோகம்.

(அடியேனுக்கு உகந்த பதவி!)

இக்கரையில்தான், நீரில் பாதியும் நிலத்தில் பாதியுமாய் விழுந்த இலை மீனும் பறவையுமாகி இழுபறிப்பட, அதில் தியானம் கலைந்த நக்கீரர் பூதத்திடம் சிறைப்பட்டு, திருமுருகாற்றுப்படை பாடி மீண்டார் என்பது ஐதிகம்.

நாற்புறமும் கல்லும் சுவரும் கட்டிய பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை.

கயம், மடு, சுனை...

உங்கள் ஊர்ப் பேச்சில் அசையாத நீருக்கு இன்னும் எந்தப் பெயர் உயிரோடிருக்கிறது?

சொல்லுங்களேன்.