இதால என்ன பயன்?



முதன்மை எண்கள் பாடம் தொடங்கினால் கணிதம் படிப்பிக்கும் நம்மிடம் வருடந்தோறும் தவறாமல் வரும் கேள்வி இது. “பேப்பர்ல வரும்” என்று சொன்னால் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஆனால் நாம் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதுவதுண்டு.

2,147,483,647

2 இன் 31 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது இது. 1 ஆலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றிப் பிரிபடாது. 1772 இல் இதை நிறுவியவர் ஒய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட முழுதாகவே போயிருந்தது.

கல்குலேட்டர் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்? இதன் வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றே தாண்டும். அதுவரை வகுத்துப் பார்த்தால் போதும். அதிலும் எல்லா எண்ணும் தேவையில்லை. இதற்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தால், அதை 62 ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டுக்கும் பொருந்துபவை நானூறுக்கும் குறைவு. அவற்றில் எதுவும் பிரிக்கவில்லை.

வீட்டில் சின்னதாகச் செய்து பார்க்கலாம். 2 இன் 11 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் 2047. அது முதன்மை எண் அல்ல, 23 × 89. இவ்விரண்டையும் 22 ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1 தான் வரும்.

1811 இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர், இந்த எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். இவை வெறும் ஆர்வத்துக்கானவை, பயனற்றவை என்பது அவர் சொன்ன காரணம்.

இன்று இணையத்தில் நாம் அனுப்பும் இரகசியங்களைப் பூட்டுவதற்குப் பெரிய முதன்மை எண்கள் உதவுகின்றன. இரண்டைப் பெருக்குவது இலேசு, பெருக்கத்தைப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 1977 இல் மூன்று பேர் இதை வைத்தே ஒரு பூட்டு முறையை உருவாக்கினார்கள். தேடலும் நிற்கவில்லை. 2024 ஒக்டோபரில் கண்டுபிடித்த முதன்மை எண்ணில் 41,024,320 இலக்கங்கள்!

ஒய்லரின் எண்ணும் சும்மா இருக்கவில்லை. 32 பிட் கணினிகள் 1970 ஜனவரி 1 இலிருந்து செக்கன்களை எண்ணுகின்றன. அவற்றால் எண்ணக்கூடிய கடைசி எண் இதுதான். நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44 க்கு அது வந்து சேரும். மாற்றப்படாத கணினிகளில் அடுத்த செக்கனில் திகதி 1901 க்குப் போய்விடும். இன்று தரம் 6 இல் இருக்கும் பிள்ளைகள் அப்போது வேலைக்குப் போயிருப்பார்கள். அதைச் சரிசெய்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளையும் ஒருவராக இருக்கலாமே.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சா/த பரீட்சையில் கணிதம் சித்தியடைவது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைப் பிள்ளை கேட்டால் “அது பேப்பர்ல வராது, மூடு” என்று சொல்லாதீர்கள். பதில் தெரியாவிட்டால் கூட இருந்து தேடுங்கள். எந்த அறிவு எப்போது பயன்படும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நம் பிள்ளைகளின் அறிவில் அவன் பரக்கத் செய்வானாக. ஆமீன்.