ஊசி கொடுத்தவர்களுக்கு ஒரு மடல்

ஜிசிசி கம்பைலரை எழுதியவர்களுக்கும், விம் எடிட்டரை எழுதியவருக்கும், டெபியன் இயங்குதளத்தைக் கட்டிக் காப்பவர்களுக்கும், கணியம் மின்னிதழில் தமிழில் எழுதிப் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. வயதில் மூத்தவர்கள் என்பதால் அண்ணா, அக்கா என்றே எழுதுகிறேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் ரங்கநாதர் படுத்திருக்கும் பள்ளிகொண்டா எங்கள் ஊர். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களிடம் டோல்கேட் என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

எங்கள் பக்கம் தோல் பதனிடும் ஷாப்போடும் ஷூ கம்பெனியோடும் சம்பந்தமில்லாத வீடு குறைவு. அம்மா கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைத்தார். ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஊசி அம்மா காசில் வாங்கியது. உடைந்தால் அடுத்ததும் அம்மா காசுதான். அந்த ஷூ எந்த நாட்டுக் காலில் ஏறுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. ஊசியின் விலை தெரியும்.

அதனால்தான், கல்லூரியில் சேர்ந்த புதிதில், "புரோகிராம் எழுத வேண்டியதெல்லாம் சும்மாவே கிடைக்குதும்மா" என்று நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "சும்மா எவன் குடுப்பான்? என்ன எழுதி வாங்கிக்கிறாங்கன்னு பாத்துக் கையெழுத்துப் போடு" என்றார். அந்தக் கேள்விக்கான பதிலை உங்களுக்கும் சொல்லத்தான் இந்த மடல்.

கணினி வந்தது அரசாங்கத்திடமிருந்து. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சில ஆண்டுகள் கழித்து, பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒன்று கிடைத்தது. 2 ஜிபி ராம். ஆன் செய்தால் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். எங்கள் வகுப்பில் நிறைய பேர் அதைக் கடைக்குக் கொண்டுபோய் பாஸை அழித்துவிட்டு வந்தார்கள். படம் ஏற்ற இடம் வேண்டுமே! நான் அழிக்காமல் விட்டதற்கு ஞானம் ஒன்றும் காரணமில்லை. கடைக்காரர் கேட்ட காசு என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த பாஸை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். அதற்கு அடித்தளம் டெபியன். டெபியனை 1993இல் தொடங்கிய இயன் முர்டாக் அப்போது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவர். அதற்கும் அடியில் ஓடும் லினக்ஸ் கருவை 1991இல் அறிவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன். கல்லூரிப் பாடத்துக்காக நான் அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு வெகு காலம் முன்பே இரண்டு மாணவர்கள் அதற்குள் வேலையை முடித்துவைத்திருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி. நீலத் திரை. என் வயதுக்கும் மூத்த மென்பொருள். யாரோ எப்போதோ நகலெடுத்து வைத்ததைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகத்தில் எழுதிய முதல் நிரலை வீட்டில் ஜிசிசியிடம் கொடுத்தேன். கோனியோ என்று ஒரு கோப்பே கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. திரையைத் துடைக்கும் கட்டளையும் இல்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்தது சி மொழி முழுக்க இல்லை, பாதி டர்போ சியின் சொந்தச் சரக்கு என்று அன்றுதான் தெரிந்தது. ஆய்வகத்தில் 182ஐ 182ஆல் பெருக்கி ஒரு முழு எண்ணில் வைத்தால் -32412 வரும், ஏனென்றால் அங்கே முழு எண்ணுக்கு 2 பைட். ஜிசிசி 33124 என்று ஒழுங்காகச் சொல்லும், இதில் 4 பைட். தேர்வில் 2 என்று எழுதினால்தான் மதிப்பெண். எழுதினேன். வேறென்ன செய்ய?

ரிச்சர்ட் ஸ்டால்மன் ஐயா, 1983 செப்டம்பரில் ஜிஎன்யூ திட்டத்தை அறிவித்துவிட்டு, 1987இல் ஜிசிசியை வெளியிட்டீர்கள். உங்கள் ஜிபிஎல் உரிமத்தை அம்மாவுக்காகவே உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, ஆனாலும் சாரம் பிடிபட்டது. ஓட்டிக்கொள், உள்ளே திறந்து படி, மாற்றிக்கொள், பிறருக்குக் கொடு. மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலை ஒளிக்காதே, உனக்குக் கிடைத்த உரிமையை அவருக்கும் விடு. எழுதி வாங்கிக்கொள்வது இதுதான். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏஜென்ட் கிடையாதா?" என்றார். உரிமங்களைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான கேள்வி அது.

மாணவர்களுக்கென்று கம்பெனிகள் தருபவையும் உண்டு, அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. மைக்ரோசாஃப்ட் 2008லேயே ட்ரீம்ஸ்பார்க் என்று கொடுத்தது. கிட்ஹப் 2014இல் மாணவர் தொகுப்பு கொண்டுவந்தது. ஜெட்பிரெயின்ஸின் எடிட்டர்களும் மாணவருக்கு இலவசம். இவற்றில் சேரக் கல்லூரி மின்னஞ்சல் கேட்பார்கள். எங்கள் கல்லூரியில் மாணவருக்கு மின்னஞ்சல் என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். ஓர் இடத்தில் ஏற்றார்கள், ஓர் இடத்தில் பதிலே இல்லை. ஏற்றதும்கூட என் 2 ஜிபியில் திறந்து முடிவதற்குள் அம்மா ஒரு ஜோடி தைத்துவிடுவார். படிப்பு முடிந்தால் அதுவும் முடியும். அவர்களுக்கும் நன்றி, மனதார. ஆனால் நான் எந்தக் கல்லூரி என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, கல்லூரிக்குப் போகிறேனா என்றே கேட்கவில்லை. தறிக்குப் போகிற குடியாத்தத்துப் பையனுக்கும் பட்டம் படித்த எனக்கும் நீங்கள் கொடுத்தது ஒரே கம்பைலர்.

பிராம் மூலெனார் அண்ணா, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். 2023 ஆகஸ்ட் 3 அன்று, 62 வயதில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். விம்மை முதன்முதலில் திறந்தபோது, வெளியே வரத் தெரியாமல் பவர் பட்டனை அமுக்கி அணைத்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாம் முறை திரையில் இருந்ததைப் படித்தேன். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று இருந்தது. வைரஸோ என்று பயந்தேன்! பிறகு உதவிப் பக்கத்தில் விவரம் பார்த்தேன். 1994இல் உகாண்டாவின் கிபாலே என்ற சிற்றூரில் குழந்தைகள் மையம் ஒன்றில் ஓராண்டு தன்னார்வலராக இருந்தீர்கள், தண்ணீர், சுகாதார வேலைகளைப் பார்த்தீர்கள். அதற்கு முன்பே, 1991இல், விம்மை வெளியிட்டிருந்தீர்கள். விம் பிடித்திருந்தால் எனக்குத் தர வேண்டாம், அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று எழுதி வைத்துவிட்டீர்கள்.

தண்ணீர் என்றதும் எனக்கு உங்கள் மேல் ஒரு சொந்தம் வந்தது. தோல் ஷாப் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதையில் 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதிவிட்டது. இன்றும் எங்கள் தெருவில் குடிக்கக் கேன் தண்ணீர்தான். உங்கள் எடிட்டரை ஓட்டுகிற பெரிய கம்பெனிகளில் எத்தனை பேர் அந்த உகாண்டா வரியைப் படித்தார்களோ! வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் முடிந்ததை அனுப்பினேன். தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இனி நம் ஆட்கள். த.சீனிவாசன் அண்ணா, 2012இல் கணியம் தொடங்கினீர்கள். து.நித்யா அக்கா, எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல் பற்றியும் லினக்ஸ் பற்றியும் எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விட்டீர்கள். தமிழ்வழியில் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு வந்து, டேட்டாபேஸ் வகுப்பில் ஜாயின் என்பதைப் புரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்த எனக்கு, அது உங்கள் பக்கங்களில்தான் புரிந்தது. வெளிநாட்டு அண்ணன்கள் கருவி கொடுத்தார்கள், பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள். பாராட்டு விழாக்களுக்கு உங்களைக் கூப்பிடுகிறார்களா தெரியாது. எங்கள் கல்லூரியில் கூப்பிடவில்லை.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. எங்கள் தெருவிலும் நாலைந்து பேர் காத்திருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து, நிரலில் பிழை பிடிக்கும் ஜிடிபியைப் பற்றி எளிய தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் உதாரணம் அந்த 182தான். பாதி அத்தியாயம் ஆகியிருக்கிறது, சந்திப் பிழை எக்கச்சக்கம். கணியத்துக்கு அனுப்புகிறேன் அண்ணா, திருத்திப் போடுங்கள். உரிமம், நீங்கள் உங்கள் புத்தகங்களுக்கு வைத்திருப்பதே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு தங்கை